மாமியார் பீரோவில் இருந்தால் மாமியார் நகையா?

"கல்யாணத்துக்குப் போட்ட நகை வீட்டுக்குள் வந்துவிட்டால் அது குடும்பச் சொத்து." கட்டப் பஞ்சாயத்துகளில் இதைச் சட்டம் போலவே சொல்கிறார்கள். சட்டம் சொல்வது வேறு. திருமணத்துக்கு முன்போ, மணமேடையிலோ, பின்போ ஓர் இந்துப் பெண்ணுக்கு அன்பளிப்பாக வருவது ஸ்திரீதனம். தாய்வீடு போட்ட வளையலும் அவளுடையதுதான். மாமனார் அவளுக்கென்று போட்ட செயினும் அவளுடையதுதான். விற்கவோ தங்கைக்குக் கொடுக்கவோ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

குடும்பச் சொத்து வாதத்துக்கு ஒரு காலத்தில் நீதிமன்ற ஆதரவும் இருந்தது. 1982-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்ற முழு அமர்வு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பெண் தன் நகையைக் கணவனிடம் கொடுத்து வைப்பது ஒப்படைப்பு மட்டுமே. கேட்டும் தராமல் அமுக்கிக்கொண்டால் நம்பிக்கை மோசடி.

"குடும்பக் கஷ்டத்துக்குத்தானே அடகு வைத்தோம்?" அதிகம் காதில் விழுவது இதுதான். கஷ்ட காலத்தில் கணவன் அந்த நகையைப் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றமே சொல்கிறது. ஆனால் திருப்பித் தரவேண்டும் என்ற பாதியைத்தான் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கு. 89 பவுன். முதலிரவு அன்றே கணவன் நகைகளை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று தன் தாயிடம் கொடுத்துவிட்டார்; பின்பு அவை அவர்களுடைய பழைய கடன்களுக்குப் போய்விட்டன என்பது அந்தப் பெண்ணின் புகார். குடும்ப நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கணவன் ரூ.25 லட்சம் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. ஸ்திரீதனம் கணவன்-மனைவியின் கூட்டுச் சொத்து ஆகாது என்றும் தெளிவாக எழுதியது.

"பில் எங்கே?" என்று மிரட்டுபவர்களுக்கும் அதே தீர்ப்பில் பதில் இருக்கிறது. இது சிவில் வழக்கு. எது நடந்திருக்கக்கூடும் என்று எடைபோட்டால் போதும், கிரிமினல் வழக்கைப் போல ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. ஆல்பமும் நகைப் பட்டியலும் கையில் இருந்தால் நல்லதுதான். புதுப் பெண் முதல் நாளே பீரோ சாவிக்கு ரசீது கேட்பாள் என்று எதிர்பார்ப்பவர் எந்த வீட்டில் வளர்ந்தாரோ!

சிலர் கெட்டிக்காரத்தனமாக, "அது வரதட்சணை, வரதட்சணையே குற்றம், அப்புறம் எப்படித் திருப்பிக் கேட்பது?" என்பார்கள். 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-வது பிரிவைப் படித்தால் போதும். வரதட்சணையை யார் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை அவளுக்காகத்தான் வைத்திருக்க வேண்டும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நான் போட்ட நகை, நான் கேட்பேன்" என்பதும் செல்லாது. மகள் விவாகரத்தாகி மறுமணமும் செய்துகொண்ட பிறகு, பழைய சம்பந்தி வீட்டார் மீது தெலங்கானாவில் ஒரு தந்தை புகார் கொடுத்தார். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. நகையைக் கேட்கும் உரிமை மகளுக்கு மட்டுமே. தன் சார்பில் கேட்கும்படி தந்தைக்கு அவர் அதிகாரம் எதுவும் கொடுத்திருக்கவில்லை.