ஸ்பிதி சாலையில் மணிக்கணக்கு

இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குக் காரிலேயே போகலாமா என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டிலும் பெருகிவிட்டார்கள். தாராளமாகப் போகலாம். கோளாறு திட்டம் போடும் விதத்தில் இருக்கிறது. கைபேசி வரைபடத்தில் மணாலியிலிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா சுமார் 200 கிலோமீட்டர் என்று வரும். சென்னை–வாணியம்பாடி தூரம்தானே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். அதே வழியில் ஓடும் இமாச்சல அரசுப் பேருந்து விடியுமுன் கிளம்பி, பகல் முழுவதையும் சாலையிலேயே கழிக்கிறது. அந்த ஓட்டுநருக்கு வழியில் ஒவ்வொரு கல்லும் தெரியும். நமக்குத் தெரியாது.

2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலியிலிருந்து ரோதாங் உச்சி ஏறாமலே லாஹௌல் பக்கம் போய்விடலாம். உச்சி வழியாகப் போக வேண்டிய அனுமதிச்சீட்டும் இதற்குத் தேவையில்லை. சுரங்கத்தைத் தாண்டி கோக்ஸர், கிராம்பூ வந்ததும் கதை மாறுகிறது. அங்கிருந்து பேட்டால் வரைக்கும் சுமார் 50 கிலோமீட்டர். பெயருக்கு அது தேசிய நெடுஞ்சாலை 505. அங்கங்கே அகலப்படுத்தும் வேலை நடந்தாலும், பெரும்பகுதி சந்திரா ஆற்றங்கரையில் உருண்டைக் கற்களும் புழுதியும் கிடக்கும் பாதைதான். இந்த 50 கிலோமீட்டருக்கே நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பெட்ரோல் பங்க் வழியில் கிடையாது. மணாலியை விட்டால் காசாவில்தான். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே ஊர்ந்துகொண்டிருப்பதால் வண்டி வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும். கைபேசிச் சிக்னலை நம்பிப் போகவே கூடாது.

பலரும் கவனிக்காமல் விடுவது, இந்தச் சாலைக்கென்று ஒரு கடிகாரம் உண்டு என்பதை. பாதையின் குறுக்கே ஓடும் ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். மேலே உள்ள பனியும் பனியாறும் உருகித்தான் அவற்றில் தண்ணீர் வருகிறது. இரவுக் குளிரில் உருகுவது அடங்கிவிடும். அதனால் விடியற்காலையில் தண்ணீர் கணுக்கால் அளவில் இருக்கும். வெயில் ஏற ஏற உருகும் நீர், மலைச்சரிவில் இறங்கிச் சாலைக்கு வந்து சேரச் சில மணி நேரமாகும். எனவே உச்சிப் பொழுதைவிட மாலை மூன்று, நான்கு மணிக்குத்தான் ஓடை மிரட்டும். காலையில் ஆட்டோ கடந்துபோகும் இடத்தில் மாலையில் ஜீப் தயங்கி நிற்கும். மழையே பெய்யாத, பளிச்சென்று வெயில் அடிக்கிற நாள் என்று மகிழ்ந்து தாமதமாகக் கிளம்புகிறவர்தான் இங்கே அதிகம் சிக்குகிறார்.

நாலாவைக் கடக்கும் விதம் எளிது, பொறுமைதான் வேண்டும். வண்டியை நிறுத்தி இறங்குங்கள். பனியாறு அரைத்த மண்மாவு கலந்து தண்ணீர் பாலாக ஓடும், அடி தெரியாது. அக்கரையில் ஈரச் சக்கரத்தடம் எங்கே ஏறுகிறதோ அதுதான் மற்றவர்கள் போன வழி. ஒரு கம்பால் ஆழம் பாருங்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் நீர் நின்றால் சாதாரணக் காரோடு இறங்க வேண்டாம். முன்னால் போகும் வண்டி முழுதாகக் கரையேறிய பிறகே நீங்கள் இறங்க வேண்டும். முதல் கியர், சீரான வேகம், நடுவில் கிளட்ச்சை மிதிக்கக் கூடாது, கியர் மாற்றக் கூடாது. கரையேறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக அழுத்தி ஈரத்தை விரட்டுங்கள்.

இரண்டாவது விஷயம் உயரம். மணாலி சுமார் 2,050 மீட்டர். பேட்டாலைத் தாண்டியுள்ள சந்திரதால் ஏரி ஏறக்குறைய 4,300 மீட்டர். காலையில் மணாலியில் எழுந்து இரவு ஏரிப்பக்கக் கூடாரத்தில் படுப்பவர் ஒரே நாளில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறார். 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் வழிமுறை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்குவது மூச்சுத்திணறலில் போய் முடியலாம். கீழே இறங்குவதுதான் அதற்கு முதல் மருந்து. ஆனால் சந்திரதாலிலிருந்து இறங்க வேண்டிய வழியும் அதே கல்பாதைதான், அதுவும் இரவில்.

ஆகவே என் கட்சி இது: சிம்லா வழியாக நுழைந்து மணாலி வழியாக வெளியேறுங்கள். சிம்லா, கல்பா, நாகோ, தாபோ, காசா என்று கின்னௌர் பாதை படிப்படியாக ஏறுகிறது. கல்பா 3,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாகோ சுமார் 3,600. நாள்கள் கூடத்தான் செய்யும். ஆனால் காசா வந்து சேரும்போது உடம்பு பழகியிருக்கும், கையும் மலைச்சாலைக்குப் பழகியிருக்கும். தாபோவில் ஆயிரம் ஆண்டுப் பழமையான மண் மடாலயம் இருக்கிறது. அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடும் இடமல்ல.

வெளியேறும் நாளிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காசாவில் கிளம்பி அன்றே மணாலி என்றால், லோசரைத் தாண்டி, 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சும் கணவாய் ஏறி இறங்கி, நாலாக்கள் நிறைந்த பகுதிக்கு வரும்போது சரியாக மாலை வெள்ளம். அதனால் சந்திரதால் பக்கத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடிந்ததும் இறங்குங்கள். 2005இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. கரையில் கூடாரம் அடிக்க அனுமதியில்லை. முகாம்கள் சற்றுத் தள்ளி இருக்கின்றன. குன்சும் உச்சியில் கோயிலை வண்டியோடு வலம் வந்துவிட்டுப் போவது அங்குள்ள ஓட்டுநர்களின் வழக்கம். நாமும் செய்யலாம், நட்டமில்லை.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிதான் வேண்டுமா? இருந்தால் நல்லது, ஆனால் அதைவிட முக்கியம் வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. தாழ்ந்த செடான் காரில் ஆயில் சேம்பர் ஒரு கல்லில் இடித்தால் பயணம் அங்கேயே முடிந்தது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். குன்சும் ஏற்றத்தில் வண்டி முனகினால் பழுது என்று பதற வேண்டாம். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் கீழ் கியரில் இறங்குங்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். இது வெறும் பண்பாடில்லை, நம் நாட்டுச் சாலை விதியே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான் என்றாலும், அங்கே காலடியில் தார் இருக்கிறது.

எப்போது போவது? குன்சும் பொதுவாக மே இறுதி அல்லது ஜூனில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதிக்குள் மழை குறைவுதான், ஆனால் அங்கே போய்ச் சேரும் பாதைகளில் மண் சரியும். செப்டம்பரில் குளிர் கூடி நாலாக்களின் வேகம் தணியும், வானமும் தெளியும். என் தேர்வு அதுதான். அதற்காக அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. 2018 செப்டம்பரில் எதிர்பாராத பனிப்பொழிவில் லாஹௌல்–ஸ்பிதியில் நூற்றுக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். 2023இல் ஜூலை மாதத்திலேயே சந்திரதாலில் 250க்கும் மேற்பட்ட பயணிகள் பனியில் சிக்கி, பல நாள் போராட்டத்துக்குப் பிறகு மீட்கப்பட்டார்கள்.

எனவே டெல்லியிலிருந்து திரும்பும் விமானத்தைப் பயணத்தின் மறுநாளுக்கே பதிவு செய்யாதீர்கள். காசாவில் கிளம்பும் முன் பெட்ரோல் பங்கிலும் டாக்ஸி நிறுத்தத்திலும் குன்சும் நிலவரம் கேளுங்கள். அன்று காலை அந்தப் பக்கத்திலிருந்து வண்டி வந்ததா என்பதே போதுமான கேள்வி. வரவில்லை என்றால் வந்த கின்னௌர் வழியிலேயே திரும்ப வேண்டும். அதற்கு இரண்டு நாள் கூடுதலாகும்; விடுப்புக் கடிதத்திலேயே அந்த இரண்டு நாளையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள்.