எஸ்எம்பிஎஸ்ஸையும் கேட்டு வாங்குங்கள்
திருப்பதியின் கம்ப்யூட்டர் கடைகளில் பிள்ளைகளுக்கு டெஸ்க்டாப் வாங்க வருகிறவர்கள் பிராசசரையும் ராமையும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினட்டோடு வருவதே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை. உள்ளே 200 வாட் தேவைப்படும் கம்ப்யூட்டருக்கு, 70 சதவீதத் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் 286 வாட் இழுக்கும்; 90 சதவீதத் திறனுள்ளதற்கு 222 வாட் போதும். கூடுதலாக இழுக்கும் 64 வாட்டும் வெப்பமாகி, சித்திரை வெயிலில் ஏற்கெனவே கொதிக்கும் அறையில், படிக்கும் பிள்ளையின் மேல்தான் இறங்குகிறது. தினமும் 8 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 180 யூனிட்டுக்கு மேல் வீண். கரண்ட் போனால் யுபிஎஸ் பேட்டரியும் சீக்கிரம் தீரும். 2004இல் வந்த 80 பிளஸ் முத்திரை இந்த வீணைத் தவிர்க்கத்தான் இருக்கிறது: 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதத் திறன் இருந்தால்தான் அது கிடைக்கும், அதிலேயே கோல்டு தரம் என்றால் பாதிச் சுமையில் 90 சதவீதம். பக்கத்துக் கரகம்பாடியில் அமரராஜா பேட்டரிகள் உருவாகின்றன. தெற்கு ஆந்திர மின்விநியோக நிறுவனத்தின் தலைமையகமே இந்த ஊரில்தான். மின்சாரத்தைச் சேமிக்கவும் பகிரவும் தெரிந்த ஊர், அதை வீணாக்காமல் வாங்கவும் பழக வேண்டும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெரிய வாட் எண்ணில் மயங்காதீர்கள். உங்கள் தேவை பாதிச் சுமையாக அமையும் அளவைக் கணக்கிட்டு, முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.