மூக்கு உடைந்த செட்டியாருக்கு என்ன விலை?

நவராத்திரி நெருங்கினால் போதும், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் முளைத்துவிடும். தசாவதாரம், அஷ்டலட்சுமி, அறுபடை வீடு, கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் செட் என்று வரிசை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதே கடைகளில் சட்டென்று கண்ணில் படாத ஒரு மூலையும் உண்டு. விரல் போன கிருஷ்ணர், வேல் முறிந்த முருகர், மூக்கு உடைந்த செட்டியார் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். கடைக்காரர் பாஷையில் "டேமேஜ் பீஸ்". கேட்டால் பாதி விலை சொல்வார், கொஞ்சம் பேசினால் இன்னும் இறங்குவார்.

வாங்கலாமா, கூடாதா?

"பின்னமானதை வீட்டுக்குள்ளே கொண்டு வராதே" என்பது பாட்டி கட்சி. "பாதி விலைக்கு வருதா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்பது பேரன் கட்சி. இரண்டு கட்சியுமே பாதிதான் சரி. குறையுள்ள பொம்மையை வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மட்டும் வாங்கக்கூடாது. விற்பவரும் வாங்குபவரும் குறையை வாய்விட்டுச் சொல்லி விலை பேசினால் அது நல்ல வியாபாரம். ஒருவர் இருக்கிற குறையை மறைத்தாலோ, மற்றவர் இல்லாத குறையை உண்டாக்கினாலோ அது கெட்ட வியாபாரம். விஷயம் இவ்வளவுதான். ஆனால் நடைமுறையில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம்.

குறை எங்கிருந்து வருகிறது?

பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்று கொலு பொம்மைக்குப் பேர் போன ஊர்கள் சில. முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சு. இரண்டையும் ஒட்டி, காயவைத்து, மண் பொம்மையானால் சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் எழுதுவார்கள். இத்தனை கட்டத்திலும் ஏதாவது ஒன்று பிசகலாம். ஒட்டிய இடம் தெரியலாம், ஒரு கண் லேசாக ஏறியிருக்கலாம். பிறகு வைக்கோலிலும் பழைய பேப்பரிலும் சுற்றி லாரியில் ஏற்றும்போது, நீட்டிக்கொண்டிருப்பது எதுவோ அதுதான் முதலில் போகும். விரல், மூக்கு, புல்லாங்குழல், வேல்.

பி.காம் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. அடக்கவிலைக் கணக்கியலில் 'இயல்பு நட்டம்' என்று வருமே, அதேதான். நூறு பொம்மை வந்து நாலு உடையும் என்று எதிர்பார்த்தால், நாலின் செலவையும் மீதி 96-ன் மேல் ஏற்ற வேண்டும். உடைந்ததை விற்றுக் கிடைக்கும் காசை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பாடப்புத்தகம் அப்படிச் சொல்கிறது. நடைபாதைக் கடைக்காரரிடம் காஸ்ட் ஷீட் கிடையாது. பக்கத்துக் கடை விலைக்குத்தான் அவர் நல்ல பொம்மையையும் விற்றாக வேண்டும். ஆக, உடைந்தது அவர் பையிலிருந்து போகிறது. டேமேஜ் பீஸை ஒருவர் நியாயமான விலைக்கு வாங்கினால் அந்த நட்டத்தில் கொஞ்சம் திரும்புகிறது. குப்பைக்குப் போனால் பூஜ்யம்.

இன்னொரு தள்ளுபடியும் இருக்கிறது, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விஜயதசமி முடிந்ததும் நல்ல பொம்மைக்கே விலை இறங்கும். அடுத்த வியாபாரத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், வடகிழக்குப் பருவமழை வேறு வாசலில் நிற்கும். காகிதக்கூழ் பொம்மை ஈரம் குடித்தால் உப்பிவிடும், பூஞ்சை பிடிக்கும். அதைப் பத்திரமாக வைக்க இடமும் வாடகையும் வேண்டும். அந்தத் தள்ளுபடி காலத்துக்கான விலை. இது குறைக்கான விலை. "பண்டிகை முடிஞ்சதும் தர்ற விலைக்கு இப்பவே கொடு" என்று முதல் நாளே கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள்.

எல்லாக் குறையும் ஒன்றல்ல

1. வண்ணம் உரிந்தது: குறைகளிலேயே சின்னக் குறை. கொலு வைக்கும் வீடுகளில் பழைய பொம்மைக்கு வண்ணம் பூசுவது சகஜம். (பழம்பொருள் சேகரிப்பவர்கள் இதற்கு நேர் எதிர். அவர்களுக்குப் பழைய வண்ணம்தான் மதிப்பு, மேலே பூசினால் போச்சு.)

2. விரல், மூக்கு போன்றவை: உடைந்த துண்டு கிடைத்தால் ஒட்டலாம். கிடைக்காவிட்டால் கொஞ்சம் கைவேலை தெரிந்திருக்க வேண்டும்.

3. விரிசல்: இதுதான் ஆபத்து. சுட்ட மண் பொம்மையை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல் ஓடியிருக்கலாம். இன்று மயிரிழை, அடுத்த நவராத்திரிக்குப் பெட்டியைத் திறக்கும்போது இரண்டு துண்டு. பாதி விலை கூட இதற்கு அதிகம்.

4. ஈரம் குடித்த காகிதக்கூழ்: தூக்கிப் பார்த்தால் வழக்கத்தைவிடக் கனக்கும், அழுத்தினால் மெத்தென்று இருக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பூஞ்சை மற்ற பொம்மைகளுக்கும் பரவும்.

5. வேலை செய்யாதது: தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு முகத்தில் கீறல் இருந்தால் பரவாயில்லை. தலையைத் தாங்கும் கம்பி வளைந்து ஆட்டம் நின்றுவிட்டால் அது தலையாட்டி பொம்மையே இல்லை.

ஆக, பார்வைக்குக் குறை வேறு, ஆயுளுக்குக் குறை வேறு. கடையில் இரண்டுக்கும் ஒரே விலை சொல்வார்கள். வாங்குபவருக்கு லாபமோ நட்டமோ அந்த இடத்தில்தான்.

ஒன்பது அவதாரம் எவ்வளவு?

செட்டாக வரும் பொம்மைகளில் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். தசாவதாரம் செட் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாமனர் உடைந்துவிட்டார். மீதி ஒன்பதும் 1,800 ரூபாய் பெறுமா? பெறாது. ஒன்பது அவதாரத்தை எந்த வீட்டுப் படியிலும் வைக்க முடியாது. முழு செட்டின் விலையில் பாதி கிடைத்தாலே பெரிது.

அதே சமயம் இன்னொரு வீட்டில் போன வருடம் மத்ஸ்யர் மட்டும் கைதவறி விழுந்திருப்பார். அவர்களுக்கு அந்த ஒரே ஒரு மத்ஸ்யருக்கு 200 என்ன, 400 கொடுத்தாலும் நஷ்டமில்லை. உடைந்த செட்டைப் பிரித்து விற்கத் தெரிந்த வியாபாரிக்கு அது டேமேஜே இல்லை. ஒரே அளவு, ஒரே அச்சு, ஒரே வண்ணம் அமைந்தால்தான் இது நடக்கும் என்பது வேறு விஷயம்.

பின்னம் என்றால் என்ன?

பாட்டி கட்சியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பின்னமான தெய்வ உருவத்தை வழிபாட்டில் வைப்பதில்லை என்பது பழைய மரபு. அந்த நம்பிக்கை உள்ள வீட்டுக்குக் கை உடைந்த அம்மனை மலிவாக வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது மரியாதையல்ல.

ஆனால் கொலுவில் இருப்பதெல்லாம் தெய்வமா? மேல் படியில் சாமி, கீழ்ப் படிகளில் மனிதர்கள், தரையில் பார்க்கும் வயலும் கிராமமும். மளிகைச் சாமான் பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியாருக்கு யாரும் அர்ச்சனை செய்வதில்லையே :-) அவர் மூக்கு நுனி போனால் எந்தச் சாஸ்திரமும் கெடாது. கால் உடைந்த குடியானவனை முளைவிட்ட கேழ்வரகுக்கு நடுவே மண்ணில் ஊன்றி வைத்தால், முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடுகிறவன் ஆகிவிடுகிறான். உடைந்த பொம்மைக்கு இடம் கண்டுபிடிப்பதும் கொலு வைக்கிற கலையில் ஒரு பகுதிதான். கோயில் அரச மரத்தடியில் கொண்டுபோய்ப் போடுவதைவிட இது மேல்.

இரண்டு பக்கப் பொய்

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காரின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காருக்குமே குறைத்துத்தான் விலை கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். மாட வீதிக்கும் இது பொருந்தும். விரிசலில் மெழுகோ பசையோ வைத்து மேலே வண்ணம் பூசி முழு விலைக்குத் தள்ளிவிடும் ஒரு கடைக்காரர், நேர்மையான பத்துக் கடைக்காரர்களின் விலையையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

சட்டமும் ஓரளவுக்குத்தான் துணை வரும். 1930-ம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16-ன்படி, வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு வணிகத்தரம் பற்றிய உட்கிடை நிபந்தனை துணை வராது. அதாவது, கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தும் உடைந்த மூக்கைக் கவனிக்கவில்லை என்றால் அது வாங்குபவர் தலையெழுத்து. பூச்சுக்குள் ஒளிந்த விரிசல் கதை வேறு.

மறு பக்கத்துப் பொய்யைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்ல பொம்மையைக் கையில் எடுத்து, "கண்ணு கோணலா இருக்கே, பெயின்ட் சரியில்லையே" என்று இல்லாத குறையைச் சொல்லி 50 ரூபாய் குறைப்பது சாமர்த்தியமாகக் கருதப்படுகிறது. விலை ஒட்டிய பெரிய ஷோரூமில் இதே ஆள் வாய் திறக்காமல் கார்டைத் தேய்ப்பார். கையால் எழுதிய கண்கள் இரண்டும் அச்சு அசலாக இருக்காது. அது குறையல்ல, கையின் அடையாளம். அதையும் டேமேஜ் கணக்கில் சேர்த்தால் அடி கடைக்காரரோடு நிற்காது. அடுத்த வருடம் அவர் பொம்மை செய்பவரிடம் அதே 50 ரூபாயைக் குறைத்துத்தான் கேட்பார்.

எனவே டேமேஜ் பீஸ் வாங்கப் போகிறவர் மூன்று காரியம் செய்தால் போதும். திருப்பிப் பார்த்து, சுண்டிப் பார்த்து, குறை எது என்று கடைக்காரரையே சொல்லச் சொல்ல வேண்டும். அவர் தானாகவே எடுத்துச் சொன்னால் அதற்கு மேல் பேரம் பேசாமல் வாங்கலாம். இருக்கிற குறைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக் கேளுங்கள். இல்லாத குறைக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்காதீர்கள்.