மலையும் எம்மவர் வாய்வீரமும்

மலையில் யாராவது விழுந்து செத்தால், அந்தச் செய்தி எங்கள் குசினிக்குள் வந்து சேரும்போது ஒரு சிரிப்போடுதான் வருகிறது. "கொழுப்பெடுத்து ஏறினவங்கள்" என்பார் ஒரு அண்ணை. "நாங்கள் உயிரைக் காப்பாற்ற மலை கடந்து வந்தனாங்கள், இவங்கள் உயிரை விட மலை ஏறுறாங்கள்" என்பார் இன்னொருவர். பிறந்தநாள் மண்டபங்களிலும் சாமத்திய வீடுகளிலும் இதே வசனம் கேட்டிருக்கிறோம். நாங்களும் பல வருடங்கள் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள்தான். அந்தச் சிரிப்புக்கு எதிராகவே இதை எழுதுகிறோம்.

சுவிற்சர்லாந்தின் வலிஸ் மாநிலத்து மலைக்கிராமமொன்றில் ஹொட்டேல் குசினியில் நிற்கிற எங்களுக்கு, மலையேறிகளை அவர்கள் ஏறும்போது பார்க்கக் கிடைப்பதில்லை. முதல்நாள் மாலை சாப்பாட்டு மேசையில்தான் பார்க்கிறோம். கோப்பைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு 1:25,000 வரைபடத்தை விரிக்கிறார்கள். கைத்தொலைபேசியில் எல்லாம் இருந்தும் கடதாசிப் படத்தை விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோப்பை எடுக்கப் போகிற நாங்கள் அந்தப் படத்தை வெறும் அலங்காரமாகத்தான் வெகுகாலம் பார்த்தோம். அது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் வாசித்த அதே இடவிளக்கப்படம் என்பது மண்டையில் ஏறவேயில்லை. சமவுயரக்கோடு கீறி, நீலப் பென்சிலால் ஆறு காட்டி, புவியியலில் நல்ல புள்ளி எடுத்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். இங்கே இரண்டு கோடுகளுக்கு இடையில் 20 மீற்றர் உயரம். மண் சரிவில் கோடு மண்ணிறம், கல்லிலும் பாறையிலும் கறுப்பு, பனியாற்றில் நீலம். கோடுகள் ஏறத்தாழ 1.4 மில்லிமீற்றரிலும் நெருங்கி வந்தால் சரிவு 30 பாகையைத் தாண்டுகிறது. பனிச்சரிவு பெரும்பாலும் அந்த 30 பாகைக்கு மேலேதான் தொடங்குகிறது. பேனை பிடித்த கை அந்த இடத்தைச் சுற்றிப் போவதை எத்தனையோ தடவை மேசைக்கு மேலால் கண்டிருக்கிறோம், விளங்காமல்.

அவர்கள் கணக்கைப் பின்னாலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை மணிக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும் என்பதே முதற் கேள்வி. கோடையில் பின்னேரம் இடி மின்னல் வரும். பனியாற்றின் பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலம் இரவுக் குளிரில் இறுகி நிற்கும், வெயில் ஏறினால் ஆளின் பாரத்துக்கு உடையும். இரவில் உறைபனி பிடித்து வைத்திருக்கும் கற்களை வெயில் அவிழ்த்து விடும். ஆகவே மதியத்துக்குள் இறங்க வேண்டும். அதற்கு அதிகாலை மூன்றரைக்கே வெளிக்கிட வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் இரவே பாணும் சீஸும் கட்டி, தேர்மோசில் தேத்தண்ணீர் ஊற்றி வாசலில் வைக்கிறோம். எங்கள் அண்ணைமார் "பைத்தியம்" என்று சொல்கிற அந்த மூன்று மணி, கொழுப்பில் பிறந்ததல்ல. பயத்தை மணிக்கூட்டில் எழுதி வைத்ததுதான் அது.

எங்களுக்கு இது எப்படி விளங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு யூன் மாதம், லீவு நாளில் மூன்று பேர் ஒரு கணவாய்க்கு வெளிக்கிட்டோம். ஏழு கிலோமீற்றர். மஞ்சள் பலகையில் 4 மணி 30 நிமிடம் என்று போட்டிருந்தது. அது கிழவர்களுக்கான கணக்கு என்று சிரித்தோம். வெளிக்கிடும்போது காலை பத்து மணி தாண்டியிருந்தது. பாதை நெடுக வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி. அது சாதாரண நடைபாதையல்ல, மலைப்பாதை என்பதன் அடையாளம் என்பதும் அப்போது தெரியாது. வடக்குப் பார்த்த ஓர் ஓடையில் பழைய பனி கிடந்தது. மத்தியான வெயிலில் மேற்பக்கம் கஞ்சி, அடியில் கண்ணாடி. விளையாட்டுச் சப்பாத்துடன் கால் வைத்த எங்கள் தம்பி நாற்பது மீற்றர் வழுக்கிப்போய் ஒரு கல்லில் நின்றான். கை முறிந்தது. உயிர் தப்பியதற்கு அந்தக் கல்தான் காரணம், நாங்கள் அல்ல. கீழே மாடு மேய்த்த ஒரு கிழவர் ஓடி வந்தார். ஏன் வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "எத்தனை மணிக்குத் திரும்புவதாக முடிவு செய்திருந்தீர்கள்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

பிறகு அந்தக் கிழவரே ஹொட்டேலுக்கு வைன் குடிக்க வருகிற நாட்களில் எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தார். வெர்னர் முன்ரர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டியின் பெயரால் வழங்கும் கணக்கு அது. கிலோமீற்றரை எடு, ஏறும் உயரத்தில் ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஒன்று கூட்டு, நாலால் பிரி. எங்கள் கணவாய்க்கு ஏழுடன் பதினொன்று, பதினெட்டு. நாலால் பிரித்தால் நாலரை மணித்தியாலம். பலகை சொன்னதும் அதுதான். அந்த முன்ரர் சொன்ன இன்னொன்று: காலநிலையும் பனியும், நிலம், ஆட்கள் ஆகிய மூன்றையும் மூன்று தடவை யோசிக்க வேண்டும். வீட்டில் ஒரு தடவை, இடத்துக்குப் போனதும் ஒரு தடவை, ஒவ்வொரு சரிவின் முன்னாலும் ஒரு தடவை. மூன்றாவதாக நிற்கிற "ஆட்கள்" என்பதில்தான் நாங்கள் தங்கிப்போனோம். கூட்டத்தில் ஆகப் பலவீனமானவர் யார், அவருக்கு ஏற்ற வழியா இது என்ற கேள்வி அது.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் கதை செர்மாற்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 1865 யூலை 14 ஆம் திகதி மற்றர்ஹோர்னில் முதன்முதலில் ஏறிய ஏழு பேரில் நாலு பேர் இறங்கும்போது விழுந்து செத்தார்கள். அந்த முறிந்த கயிறுதான் நூதனசாலையில் இருக்கிறது. 25 வயது எட்வேட் விம்பரும் இன்னொரு ஆங்கிலக் கூட்டமும் இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் சந்தித்து ஒன்றாகின. அதில் ஹாடோ என்ற 19 வயதுப் பையனுக்கு அப்படியான மலையில் பழக்கம் இல்லை. அவன் வழுக்கினான், முன்னால் நின்ற வழிகாட்டி குரோவையும் தள்ளிக்கொண்டு போனான். கொண்டுபோன மூன்று வகைக் கயிறுகளில் ஆகப் பலவீனமானது கூலிக்கு வந்த உள்ளூர் வழிகாட்டி பீற்றர் ரவுக்வால்டருக்கும் அவருக்குக் கீழே நின்றவருக்கும் இடையில் இருந்தது. அது முறிந்தது. குற்றம் யார் மேல் விழுந்தது? ஆளைத் தெரிவு செய்த கனவான்கள் மேலா? ரவுக்வால்டர் கயிற்றை வெட்டினார் என்று பேச்சு எழும்பியது. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. விம்பரோ 1871 இல் எழுதிய புத்தகத்திலும் அந்தச் சந்தேகத்தின் வாலை விடவில்லை. குசினியில் வேலை செய்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதே மலையின் இத்தாலியப் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார், ஜான்-அன்ருவான் கரல். விம்பருக்கு மூன்று நாள் பிந்தி மறுபக்கத்தால் உச்சிக்குப் போனவர். 1890 ஆகஸ்டில், அறுபது வயது கடந்த நிலையில், புயலில் அகப்பட்ட தன் கூட்டத்தைப் பாதுகாப்பான இடம்வரை இறக்கிக் கொண்டுவந்து சேர்த்த பிறகு களைத்து விழுந்து செத்தார். மலை இலக்கியத்தில் "வெற்றி" என்ற சொல் விம்பருக்குப் போயிற்று. வழி தெரிந்தவன் வேறு, பெயர் எடுத்தவன் வேறு.

இப்போது எம்மவரின் வாய்வீரத்துக்கு வருவோம். "நாங்களும் காடு மலை தாண்டி வந்தனாங்கள்தானே" என்கிறீர்கள். உண்மை, வந்தோம். ஆனால் எங்கள் வழியைப் போட்டவர் யார்? ஏஜென்சிக்காரன். வரைபடம் அவன் கையில் இருந்தது, எங்கள் கையில் அல்ல. எந்த நாட்டின் காட்டில் நிற்கிறோம் என்பதே பல பேருக்குத் தெரியாது. கூட்டத்தில் பலவீனமானவர் யார் என்று அவன் கேட்டானா? குழந்தையோடு வந்த அக்காவுக்கும் ஓடக்கூடிய இளந்தாரிக்கும் ஒரே வழி, ஒரே வேகம். திரும்பும் நேரம் என்று ஒன்று அந்தக் கணக்கில் இல்லை, திரும்பவே முடியாதபடிதானே காசும் கட்டி, காணியும் ஈடு வைத்திருந்தோம். இதை வீரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பது சரியா என்று கேட்கிறோம். தெரிவு செய்ய இடம் இல்லாமல் போனதற்கு வீரம் என்று பெயர் வைத்தால், அந்த இடத்தைப் பறித்தவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

இது பழைய கதை அல்ல. இத்தாலிக்கும் பிரான்சுக்கும் இடையில் மொன்ஜனேவ்ர் என்ற கணவாய் இருக்கிறது. உயரம் 1,850 மீற்றர் மட்டுமே. மோட்டார் வீதி, பனிச்சறுக்குத் தளம், கோடையில் கொல்ப் மைதானம் எல்லாம் உண்டு. மலையேறிகள் அதை மலை என்றே கணக்கில் எடுக்க மாட்டார்கள். 2017 அளவிலிருந்து ஆபிரிக்காவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த அகதிகள் அந்தப் பக்கத்தால் கடந்து, கைகால் உறைந்து, சிலர் செத்தும் போனார்கள். 2018 மே மாதம், இரவில் பொலிசைக் கண்டு சிதறியோடிய மூவரில் ஒருவரான இளம் நைஜீரியப் பெண்ணின் உடல் டுரான்ஸ் ஆற்றில் கிடைத்தது. மலையேறியின் விதி என்ன? அபாயமான இடத்தை வெளிச்சத்தில் கட, குறிபோட்ட பாதையை விடாதே, காலநிலை கெட்டால் திரும்பு. அகதி இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இருட்டில் கடக்க வேண்டும், குறிபோட்ட பாதையில் பொலிஸ் நிற்பதால் அதை விட்டு விலக வேண்டும், திரும்ப முடியாது. 3,000 மீற்றருக்கு மேலே ஒருவர் பாதுகாப்பாகப் போய்வர, 1,850 மீற்றரில் இன்னொருவர் சாகிறார் என்றால் வித்தியாசம் மலையில் இல்லை. அங்கே இரவில் தேடிப்போய் உதவியவர்களுக்குள் மலை வழிகாட்டிகளும் இருந்தார்கள். எல்லை தாண்ட உதவியதாக ஏழு பேருக்கு 2018 டிசெம்பரில் தண்டனை கொடுத்தார்கள். 2021 இல் மேல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நாங்கள் "கொழுப்பு" என்று சிரித்த ஆட்களின் தொழில்காரர்கள்தான் இவர்கள்.

எங்கள் பக்கத்திலும் எல்லை பனியின் மேலேதான் ஓடுகிறது. செர்மாற்றுக்கு மேலே தெயோடுல் கணவாய், 3,300 மீற்றர் அளவில். மக்கள் நூற்றாண்டுகளாகக் கடந்த வழி. 1600 ஆம் ஆண்டளவில் அங்கே செத்த ஒரு வழிப்போக்கனின் எலும்பும் வாளும் கைத்துப்பாக்கியும் காசும் 1984 தொடங்கி பனியிலிருந்து வெளிவந்தன. அதற்கு அருகே 3,480 மீற்றரில் இத்தாலி நிலத்தில் கட்டிய ஒரு மலைவிடுதி இருக்கிறது. அங்கே எல்லை என்பது உருகும் நீர் இரு பக்கமும் பிரிகிற கோடு. பனியாறு உருக உருகக் கோடு நகர்ந்து, விடுதியின் பெரும்பகுதி சுவிசுக்குள் வந்துவிட்டது. இரண்டு அரசுகளும் மேசையில் இருந்து பேசி, 2023 இல் புதுக் கோடு போட்டன. 2024 செப்டெம்பரில் சுவிஸ் அரசு அதை அங்கீகரித்தது. ஒரு விடுதிக்காக எல்லையைத் தள்ளி வைக்கலாம் என்று இதன்மூலம் அறிந்துகொண்டோம்.

பனி உருகுவது வழிகளையும் மாற்றுகிறது. 2022, 2023 ஆகிய இரண்டே வருடங்களில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கனவளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 2003 யூலையில் மற்றர்ஹோர்னின் ஹோர்ன்லி விளிம்பில் பாறை சரிந்து, மேலே நின்றவர்களை ஹெலிகொப்டரில் எடுக்க வேண்டி வந்தது. 2025 மே 28 ஆம் திகதி எங்கள் மாநிலத்திலேயே பிளாற்றன் கிராமம் பாறைக்கும் பனிக்கும் அடியில் புதைந்தது. முந்நூறு பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். மலையைத் தினமும் அளந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போட்ட கணக்கு அது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி ஏறுகிறவர் இப்போது அதிலேயே மாட்டுப்படலாம்.

வருகிற திங்கட்கிழமை எங்கள் ஹொட்டேல் பூட்டு. குசினி மேசையில் படம் விரித்தாயிற்று. தம்பியின் கை சுகம், அவனும் வருகிறான். காலை நாலரைக்கு வெளிக்கிடுகிறோம். எங்கே நின்றாலும் பதினொன்றரைக்குத் திரும்புகிறோம் என்று படத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறது. கணவாயிலிருந்து தெற்குப் பக்கம் இறங்குவதுதான் சுலபமான வழி, கோடுகள் அங்கே நன்றாக விலகி நிற்கின்றன. ஆனால் அந்தப் பக்கம் இத்தாலி, எங்களில் ஒருவருக்கு இன்னும் எஃப் அனுமதிதான். ஆகவே அதைப் பேனையால் வெட்டிவிட்டு, ஏறிய வடக்குச் சரிவாலேயே இறங்குவதாகக் குறித்திருக்கிறோம்.