தபால்தலையைப் பசை போட்டு ஒட்டாதீர்கள்

போடி கடைவீதியில் பள்ளி ப்ராஜெக்டுக்கான படங்கள் தாள் தாளாகத் தொங்குகின்றன. வாங்கு, வெட்டு, ஒட்டு, மதிப்பெண் ரெடி. ஓய்வுபெற்ற டீச்சரான எனக்கு இதைக் கண்டாலே ஆகாது. பிள்ளை எதைத் தேடியது, எதைக் கேட்டறிந்தது?

பதிலாகத் தபால்தலை கொடுங்கள். 2009-இல் வந்த இந்திய நறுமணப் பொருள்கள் வரிசையில் நம்ம ஏலக்காயும் உண்டு. 2017-இல் காபி வாசனையோடே ஒரு தலை வந்தது. விலை 100 ரூபாய். குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் காபி விளைகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பக்கம் எது? ஓரத்தில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த பாட்டி சொன்னதை நாலு வரி எழுதட்டும்.

ஒன்று மட்டும்: ஃபெவிகாலைத் தொடாதீர்கள். உறையோடு சேர்த்துச் சதுரமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் பழைய தலைகள் தானே கழன்றுவரும். இழுக்கக் கூடாது; பல்விளிம்பு போனால் மதிப்பும் போச்சு. கவிழ்த்து உலர்த்தி, காகிதக் கீல் (ஹிஞ்ச்) வைத்துப் பதியுங்கள். ஊர் முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் உறையையே முழுதாக வையுங்கள். சாயம் கரையும் ஜிகினாத் தாளெல்லாம் பக்கத்திலேயே வேண்டாம்.

இந்தப் பழக்கத்துக்கு உதவித்தொகையும் உண்டு. தபால் துறையின் தீன்தயாள் ஸ்பர்ஷ் திட்டம் 2017-இல் தொடங்கியது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்களில் தேர்வாகிறவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். வினாடி வினாவோடு, தபால்தலை ப்ராஜெக்டும் செய்ய வேண்டும். பள்ளியில் தபால்தலை மன்றம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தலைமையாசிரியர்களே, இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு மன்றம் தொடங்குங்கள்.