திரைச்சீலையில் ஒரு கால்சட்டை

நைந்துபோன ஜன்னல் திரையை என்ன செய்வீர்கள், சகோதரி? கரித்துணியாக்குவீர்கள். ஜப்பானிய மாது ஜுங்கோ தாபெய் மலையேறக் கால்சட்டை தைத்துக்கொண்டார்! காரின் ஆசன உறை, கையுறையாயிற்று. எவரெஸ்ட் பயணத்துக்கு நன்கொடை கேட்டுப் போனால், குழந்தையை வளர்க்கிற வழியைப் பாருங்கள் என்று புத்திமதிதான் கிடைத்தது. (நம் ஊரில் மட்டுந்தான் என்று நினைத்தீர்களாக்கும்!) பியானோ சொல்லிக்கொடுத்துப் பணம் சேர்த்தார். வழியில் பனிச்சரிவு அவரைப் புதைத்தது. பன்னிரண்டே நாளில், 1975 மே 16-இல், சிகரத்தில் நின்றார், பெண்களில் முதல்வராக. 36-வது ஆள் என்று சொல்லிக்கொள்ளவே அவருக்கு ஆசை.

பத்து வயதில், ஆசிரியருடன் நாஸு மலை ஏறியபோது பிடித்த பித்து அது. 2012-இல் புற்றுநோய் கண்டது. மலையை விட்டாரா? 2016 ஜூலையில்கூட மாணவர்களை அழைத்துக்கொண்டு ஃபூஜி மலையில் ஏறினார். அக்டோபரில் காலமானார்.