கதவைத் திறந்த சங்கம்

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறைகளில், 1823ஆம் ஆண்டு, பிளீசியோசார் என்னும் பழங்காலக் கடல்வாழ் விலங்கின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர் மேரி ஆனிங். ஏழைத் தச்சரின் மகள். அறிஞர்களும் அவரை நாடி வந்தனர். ஆயினும், லண்டன் நிலவியல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. 1847இல் அவர் மறைந்தார். கழகத்தின் கதவு திறந்ததோ 1919இல்!

ஆனால், 1858இல் அதே லண்டனில் ஆர்வலர்களுக்கெனத் தோன்றிய நிலவியலாளர் சங்கம், தொடக்கத்திலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சொற்பொழிவுகளையும், பாறைகளை நேரில் காணும் பயணங்களையும் இன்றும் நடத்தி வருகிறது. பட்டம் தேவையில்லை; ஆர்வம் போதும்.

உங்கள் மகள் ஒரு கல்லைக் கொணர்ந்து, “இது எப்படி உண்டாயிற்று?” என வினவினால், “தூக்கியெறி” என்று கூறிவிடாதீர்கள். அவளுடன் அமர்ந்து விடை தேடுங்கள். அவளுக்கு முதற்கதவைத் திறக்க வேண்டியவர் நீங்களே.